பன்னிரண்டு மாதக் கணக்கு: கணவரோடு மியூனிக் வந்து ஆய்வுப்பணி தேடுதல்

ஜெர்மனியில் வேலைக்கு வரும் ஒருவரின் மனைவிக்கோ கணவருக்கோ வழங்கப்படும் வதிவிட அட்டையில், தொழில் செய்ய அனுமதி உண்டு என்று பொருள்படும் ஒரு வரி அச்சிடப்பட்டிருக்கும். அமெரிக்காவில் எச்4 என்ற துணைவர் விசாவோடு, கையில் முதுகலைப் பட்டத்தை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் வீட்டிலேயே இருக்க நேர்ந்த தோழிகளை நான் அறிந்திருந்தேன். அதனால் அந்த ஒரு வரி எனக்குப் பெரிய வரமாகத் தெரிந்தது. உயர்திறன் பணியாளருக்கான ப்ளூ கார்டு அனுமதி வைத்திருப்பவரின் துணைக்கு விசா வாங்கும்போது ஜெர்மன் மொழியின் தொடக்கநிலையான ஏ1 சான்றிதழ்கூடத் தேவையில்லை. ஆனால் அரசு தரும் அனுமதி வேறு, பல்கலைக்கழகத்தின் கதவு வேறு. முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் துணையாக வந்து ஆய்வுப்பணி தேடும்போது, மொழியைவிடவும் விசாவைவிடவும் அவரை அதிகம் தடுப்பது, வந்திறங்கிய நாளிலிருந்து ஓடத் தொடங்கும் ஒரு காலக்கணக்குதான் என்பது என் கணிப்பு. விமானம் ஏறுவதற்கு முன்பு அதைப் பற்றி யாரும் சொல்வதில்லை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜெர்மனியில் ஒரு வீட்டில் குடியேறியவர் இரண்டு வாரங்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் தன் முகவரியைப் பதிவுசெய்ய வேண்டும். ‘ஆன்மெல்டுங்’ எனப்படும் இந்தப் பதிவுத் தாளை வைத்துத்தான் வரி எண்ணும், வங்கிக் கணக்கும், குழந்தையின் பள்ளிச் சேர்க்கையும் நடக்கின்றன. ஆய்வாளருக்கோ அந்தத் தாளில் உள்ள தேதி இன்னொரு வகையிலும் முக்கியமானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி ஸ்க்வொடோவ்ஸ்கா-கியூரி போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புக்கு (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு நல்கை) விண்ணப்பிப்பவர், விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், தான் சேரவிருக்கும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவோ முதன்மைப் பணியை ஆற்றியிருக்கவோ கூடாது. வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு நல்கை தரும் ஹம்போல்ட் அறக்கட்டளை, விண்ணப்பிப்பதற்கு முந்தைய 18 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் ஜெர்மனியில் இருந்தவரை ஏற்பதில்லை. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடியின் உதவித்தொகைகளுக்குப் பொதுவான வரம்பு 15 மாதங்கள். நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களில் ஜெர்மனிக்குப் போகும் வழி என்று பேசப்படுபவை பெரும்பாலும் இந்த மூன்றும்தான். கணவரோடு வந்து, வீடு பிடித்து, குழந்தையைப் பள்ளியில் சேர்த்து, மொழி வகுப்புக்குப் போய், இனி வேலை தேடலாம் என்று ஒரு பெண் மேசையில் அமரும்போது மூன்றும் அநேகமாக மூடியிருக்கும்.

இந்த விதியின் நோக்கத்தில் எனக்குக் குறையில்லை. ஆய்வாளர்கள் நாடு விட்டு நாடு நகர வேண்டும் என்பதற்காகவும், ஒரு பல்கலைக்கழகம் ஏற்கெனவே தன் வாசலில் இருப்பவருக்கே நல்கையை வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவும் அதை வைத்திருக்கிறார்கள். ஆனால் வசித்தல் என்பதைக் கணக்கிடும்போது, ஆய்வகத்தில் கழித்த ஆண்டும் சமையலறையில் கழித்த ஆண்டும் ஒன்றாகிவிடுகின்றன. மரி கியூரித் திட்டத்தில் விடுமுறைப் பயணம், கட்டாய ராணுவ சேவை, அகதித் தகுதி கேட்டுக் காத்திருந்த காலம் ஆகியவற்றைக் கழித்துவிடுகிறார்கள். குடும்பத்தோடு சேர்ந்து வாழ வந்த காலத்தைக் கழிப்பதில்லை. ஜெர்மன் ஆய்வகம் ஒன்றுக்குள் ஒரு நாளும் காலெடுத்து வைக்காதவரும், குடியேறி ஓராண்டு கடந்துவிட்டால், ஏற்கெனவே இங்கே வேரூன்றியவராகவே கருதப்படுகிறார். துணையாக வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை நினைத்தால், ஆய்வின் பாலினக் கோணம் பற்றி விண்ணப்பப் படிவத்திலேயே தனிப் பத்தி கேட்கும் ஒரு திட்டம் இதை இன்னும் சரிசெய்யாமல் இருப்பது எனக்கு விந்தையாகவே இருக்கிறது.

ஆகவே என்னிடம் விவரம் கேட்கும் பெண்களுக்கு, பெட்டி கட்டும் முன்பே தேதிகளைக் கணக்குப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். மரி கியூரி விண்ணப்பத்தின் கடைசி நாள் சில ஆண்டுகளாகச் செப்டம்பர் முதற்பாதியில் வருகிறது. ஜனவரியில் மியூனிக் வந்தவர் அந்தச் செப்டம்பரில் எட்டு மாதங்களே வசித்திருப்பார் என்பதால் தகுதி இருக்கும்; கடைசி நாளைத் தாண்டிய பிறகு எத்தனை மாதம் இங்கே இருந்தாலும் கவலையில்லை. ஆகஸ்டில் வந்தவருக்கோ, அடுத்த ஆண்டின் செப்டம்பருக்குள் பன்னிரண்டு மாதங்கள் கடந்துவிடும். அவருக்கு மிஞ்சுவது வந்த மறுமாதமே வரும் கடைசி நாள் ஒன்றுதான். அதற்கு, சென்னையிலோ கோவையிலோ இருக்கும்போதே பேராசிரியரின் சம்மதத்தைப் பெற்று, திட்டத்தை எழுதி முடித்திருக்க வேண்டும். ஹம்போல்ட் விண்ணப்பத்தை ஆண்டின் எந்த நாளிலும் அனுப்பலாம் என்பதால், கணவருக்குப் பணியாணை வந்த வாரத்திலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடலாம். கணவர் முதலில் போய் வீடு பார்க்கட்டும், நீ மூன்று மாதம் கழித்துப் போ என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. அந்த மூன்று மாதங்கள் வேறு எதற்கு உதவாவிட்டாலும் இதற்கு உதவும்.

வேறொரு வழியும் பேசப்படுவதுண்டு. மரி கியூரி விதி நாட்டைப் பார்க்கிறதே தவிர மொழியையோ தூரத்தையோ பார்ப்பதில்லை என்பதால், மியூனிக்கில் வசிப்பவர் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய சால்ஸ்பர்க்கில், அதாவது ஆஸ்திரியாவில், ஒரு பேராசிரியரோடு சேர்ந்து விண்ணப்பிக்கலாம். விதிப்படி அது சரி. ஆனால் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு ஜெர்மன் வதிவிட அட்டை ஆஸ்திரியாவில் வேலை செய்யும் உரிமையைத் தராது. அந்த நாட்டின் அனுமதியைத் தனியாக வாங்க வேண்டும்.

என் துறை தாவர மூலக்கூறு உயிரியல். கோவையில் நெற்பயிரின் வறட்சித் தாங்குதிறன் பற்றி ஆய்வு செய்து பட்டம் பெற்றேன். மியூனிக்கைத் தேர்ந்தெடுத்தது கணவரின் நிறுவனம், நான் அல்ல. துணையாக வருபவருக்கு இதுதான் அடிப்படைச் சிக்கல். ஜெர்மன் கல்வியுலகம், ஆய்வாளர் என்பவர் வேலை இருக்கும் ஊருக்குப் போகிறவர் என்ற எண்ணத்தின் மீது கட்டப்பட்டது. ஒரு பல்கலைக்கழகம் தன்னிடமே வளர்ந்தவரைப் பேராசிரியராக நியமிப்பதைக்கூட இங்கே பொதுவாகத் தவிர்க்கிறார்கள். பயிர் மரபியலின் பெரிய நிறுவனங்கள் காட்டர்ஸ்லேபனிலும் கொலோனிலும் இருக்கின்றன. இரண்டுமே மியூனிக்கிலிருந்து நாள்தோறும் போய்வரக்கூடிய தொலைவில் இல்லை. துணையாக வந்தவர் புறநகர் ரயிலின் வரைபடத்தை எடுத்துவைத்து, அதற்குள் தன் துறை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது.

அந்த வகையில் மியூனிக் கொடுத்துவைத்த ஊர். தென்மேற்கே மார்ட்டின்ஸ்ரீடில் மாக்ஸ் பிளாங்க் உயிர்வேதியியல் நிறுவனமும் லுட்விக் மாக்ஸிமிலியான் பல்கலைக்கழகத்தின் உயிரியல் மையமும் அடுத்தடுத்து நிற்கின்றன. வடக்கே யூ6 சுரங்க ரயிலின் கடைசி நிறுத்தமான கார்ஹிங் ஆய்வு வளாகத்தில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல், வேதியியல் துறைகள் இருக்கின்றன. அதற்கும் அப்பால் ஃபிரைசிங் நகரத்தின் வைஹென்ஸ்டெபான் குன்றில், 1040-இல் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்ளும் பீர் ஆலையை ஒட்டி, அதே பல்கலைக்கழகத்தின் வேளாண் மற்றும் உயிரியல் புலம் இருக்கிறது. எஸ்1 ரயில் நொய்ஃபாரனில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி ஃபிரைசிங்குக்கும் மறுபாதி விமான நிலையத்துக்கும் போகும். பெட்டியைப் பார்த்து ஏறாதவர் ஆய்வகத்துக்குப் பதிலாகப் புறப்பாட்டுக் கூடத்தில் இறங்குவார்.

வைஹென்ஸ்டெபானில் நெல் இல்லை. பவேரியாவின் வயல்களில் இருப்பவை பார்லியும் கோதுமையும் ஹாப்ஸும். எனவே என் தற்குறிப்பை மாற்றி எழுதுவதுதான் உண்மையான வேலையாக இருந்தது. நெல்லும் பார்லியும் ஒரே புல் குடும்பத்தைச் சேர்ந்தவை. மரபணுக்கள் வரிசைப்பட்டிருக்கும் ஒழுங்கு இரண்டிலும் பெருமளவு ஒத்துப்போகிறது. நெல்லின் மரபணுத் தொகுதி 40 கோடி கார இணைகளுக்குள் அடங்கிவிட, பார்லியின் தொகுதி 500 கோடியை எட்டுகிறது. இந்த அளவு வேறுபாட்டினால்தான் நெல்லின் முழுவரிசை 2005-இலேயே வெளிவந்துவிட, பார்லிக்கு அந்தத் தரத்தில் ஒன்று 2017 வரை கிடைக்கவில்லை. நெல்லில் பழகிய கண் பார்லியில் எதைத் தேடலாம் என்ற கேள்வியை முன்வைத்தபோது, நெல் ஆய்வாளர் என்று எழுதிய காலம்வரை வராத பதில்கள் வரத் தொடங்கின. பயிரையே விட்டுக்கொடுப்பது எனக்கு எளிதாக இருக்கவில்லை. ஆனால் ஊரை மாற்ற முடியாதபோது கேள்வியைத்தான் மாற்ற வேண்டியிருக்கிறது.

வேலை விளம்பரங்கள் ‘டீ ட்ஸைட்’ வார இதழின் கல்விப் பக்கங்களிலும் அதனோடு சேர்ந்த இணையத்தளத்திலும், ஐரோப்பிய ஒன்றியத்தின் யூராக்ஸெஸ் தளத்திலும், ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் சொந்தப் பக்கத்திலும் வரும். அவற்றில் ஒரு பகுதி ஏற்கெனவே ஆள் பார்த்துவைத்த பின் முறைக்காக வெளியிடப்படுபவை என்பது எல்லா நாட்டிலும் உள்ளதுதான். நேரடியாகப் பேராசிரியருக்கு எழுதுவதை இங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. “மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில்” என்று நாம் பழகிய நடையில் தொடங்கும் கடிதம் முதல் வரியிலேயே நீக்கப்பட்டுவிடும். அவர்களுடைய அண்மைக் கட்டுரை ஒன்றில் விடைதெரியாமல் நிற்கும் ஒரு கேள்வி, அதற்கு நாம் செய்யக்கூடிய ஒரு சோதனை, நிதிக்கு எங்கே விண்ணப்பிக்கப்போகிறோம் என்ற ஒரு வரி, இவ்வளவு போதும். ஏற்கெனவே மியூனிக்கில் வசிக்கிறேன், வேலை அனுமதி இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். விசாவுக்காக மாதக்கணக்கில் காத்திருந்து சலித்த ஆய்வகத் தலைவர்களுக்கு அது உண்மையிலேயே ஒரு கவர்ச்சி. ஆகஸ்டில் எழுதினால் விடுமுறைத் தானியங்கிப் பதில்தான் வரும்.

பணியில் சேருபவரின் துணைக்கும் வேலை தேட உதவும் ‘டூயல் கரியர்’ சேவைகள் பெரிய பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. 2010 முதல் அவற்றுக்கு நாடளாவிய கூட்டமைப்பும் உண்டு. புதிதாக நியமிக்கப்படும் பேராசிரியரின் மனைவிக்கோ கணவருக்கோ அவை நன்றாகவே உதவுகின்றன. மென்பொருள் பொறியாளரின் மனைவிக்கு அங்கே இடமில்லை. நான் கேட்டபோது மிகவும் மரியாதையாக அதைத்தான் சொன்னார்கள்.

ஆவணங்களில் தமிழ்ப் பெயர்களுக்கென்றே ஒரு தொல்லை காத்திருக்கிறது. பட்டச் சான்றிதழில் முன்னெழுத்தோடு பெயர், கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் விரிவாக, சிலருக்குத் திருமணத்துக்குப் பின் கணவரின் பெயர், ஆய்வுக் கட்டுரைகளில் இவற்றுள் ஏதோ ஒன்று. குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயர் போய் அமர்ந்துவிட, இங்கே என்னை எல்லோரும் என் அப்பாவின் பெயரால்தான் அழைக்கிறார்கள். அவருக்கு அதில் மகிழ்ச்சி. மூன்று பெயரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் ஆங்கிலத்தில் வாங்கிவருவதும், கட்டுரைகளை ஆர்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண்ணின் கீழ் இணைத்துவைப்பதும் ஊரிலிருக்கும்போதே செய்யக்கூடியவை. பல்கலைக்கழகம் இங்கே ஏற்கப்பட்டதா என்பதை அனாபின் என்ற தரவுத்தளத்தில் பார்க்கலாம். எச் ப்ளஸ் என்று இருந்தால் கவலையில்லை. இதுவரை வேலை பார்த்த ஒவ்வோர் இடத்திலிருந்தும், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, முழு நேரமா, என்ன பணி என்று விவரிக்கும் கடிதம் வேண்டும். பவேரியப் பல்கலைக்கழகங்களில் முனைவர்களின் ஊதியம் பெரும்பாலும் இ 13 என்ற படியில் இருக்கும். அதற்குள் எந்த நிலையில் தொடங்குவது என்பதைத் தொடர்புடைய முன்னனுபவம்தான் முடிவுசெய்கிறது. அந்தக் கடிதம் இல்லையென்றால் பத்தாண்டு அனுபவசாலியும் முதல் நிலையில்தான் தொடங்குவார்.

பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வதிலும் கவனம் தேவை. இந்தியாவில் பெற்ற பிஎச்.டி.யைப் பெயருக்குப் பின்னால், வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரோடு எழுதலாம். ஜெர்மன் முறையில் ‘டாக்டர்’ என்று முன்னால் எழுதும் உரிமை அதனால் தானாக வந்துவிடாது. அனுமதியின்றிப் பட்டம் சூடுவது இங்கே தண்டனைச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம். 2008-இல் மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்களில் பணிபுரிந்த அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் மீதே இதற்காகக் காவல்துறை விசாரணை நடந்து, பிறகு அமெரிக்கப் பட்டங்களுக்கு விதியைத் தளர்த்தினார்கள்.

பணம் வராத வேலை பற்றியும் சொல்லியாக வேண்டும். துணையாக வந்தவர் கணவரின் ஊதியத்தில் வாழ்கிறவர் என்பது தெரிந்தவுடன், விருந்தினர் ஆய்வாளராக வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்ற அழைப்பு வரும். முழுவதும் மறுத்துவிட வேண்டியதில்லை, ஏனென்றால் நூலக அணுக்கமும் நிறுவன மின்னஞ்சலும் ஒரு மேசையும் இல்லாமல் எந்த நல்கைக்கும் எழுத முடியாது. ஆனால் அந்த ஏற்பாட்டுக்கு ஒரு முடிவுத் தேதியும், இந்த நல்கைக்கான விண்ணப்பத்தை எழுதுவதற்காக என்ற ஒரு நோக்கமும் எழுத்தில் இருக்க வேண்டும். வேறொருவரின் மாணவருக்குச் சோதனைகள் செய்துகொடுத்துக்கொண்டு ஆண்டுகளைக் கழித்த திறமைசாலிகளை நான் பார்த்திருக்கிறேன். நன்றியுரையில் அவர்கள் பெயர் இருக்கிறது.

என் மரி கியூரி விண்ணப்பம் காலக்கணக்குக்குள் போய்ச் சேர்ந்தது, நிதி கிடைக்கவில்லை. 2024-ஆம் ஆண்டுச் சுற்றில் 10,360 பேர் விண்ணப்பித்து 1,696 பேர் பெற்ற ஒரு போட்டியில் அதற்காக வருந்துவதில் பொருளில்லை. 85 மதிப்பெண் பெற்றும் நிதி கிட்டாதவர்களுக்கு ஒரு தரமுத்திரைச் சான்றிதழ் தருகிறார்கள். அதை வைத்து வாடகை கட்ட முடியாது, ஆனால் அடுத்த கதவைத் தட்ட அது உதவியது. அந்தக் கதவு ஜெர்மன் ஆய்வுக் கழகமான டிஎஃப்ஜி. அங்கே ஆய்வுத்திட்ட நல்கைக்கு விண்ணப்பிக்கும்போது தன் சொந்தப் பணியிடத்துக்கான ஊதியத்தையும் சேர்த்துக் கேட்கலாம். ‘ஐகனே ஷ்டெல்லே’ என்று அதற்குப் பெயர். விண்ணப்பிக்கும் நாளில் வேலையில் இருக்க வேண்டியதில்லை. நிதி கிடைத்தால் இவரைப் பணியமர்த்துகிறோம் என்று ஒரு நிறுவனம் உறுதி கொடுத்தால் போதும். கடைசி நாள் கிடையாது, ஆங்கிலத்தில் எழுதலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜெர்மனியில் எத்தனை மாதமாக வசிக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்பதில்லை. பன்னிரண்டு மாதங்களைக் கடந்துவிட்ட பெண்கள் இதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரையில் பாதியை எழுதினேன் எனலாம். எனக்கு மூன்றாண்டுத் திட்டம் கிடைத்தது.

முதல் மாதச் சம்பளத் தாளைப் பார்த்து அதிர்ச்சியடையாதிருக்க வரி வகுப்புகளைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. மனைவிக்கு வருமானம் இல்லாத காலத்தில் கணவர் பெரும்பாலும், பிடித்தம் குறைவாக உள்ள மூன்றாம் வகுப்பில் இருப்பார். அப்படியே விட்டால் வேலையில் சேரும் மனைவி ஐந்தாம் வகுப்பில் விழுந்து, அவருடைய ஊதியத்தில் ஒரு பெரிய பங்கு பிடித்தமாகப் போகும். கணவன் மனைவி வருமானத்தைச் சேர்த்துக் கணக்கிடும், 1958 முதல் உள்ள இணையர் வரிமுறையின் விளைவு இது. ஆண்டு முடிவில் கணக்குத் தாக்கல் செய்யும்போது குடும்பத்துக்கு மொத்த வரி ஒன்றுதான் என்று கணவர்மார் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் வேலையிழப்புக் கால உதவியும் பிள்ளைப்பேற்றுக்குப் பிந்தைய பெற்றோர் உதவித்தொகையும் கைக்கு வரும் நிகர ஊதியத்தை வைத்துக் கணக்கிடப்படுகின்றன என்பதால், நஷ்டம் மனைவியின் பக்கம் நிற்கும். இருவரும் நான்காம் வகுப்புக்கு மாற ஒரு படிவம் போதும். எங்கள் வீட்டில் அது அன்றைய இரவுணவுக்கு முன்பே நிரப்பப்பட்டது.

ஆய்வகத்தில் ஆங்கிலம் போதும். பணியாளர் அலுவலகத்திலும், இளநிலை மாணவர்களுக்குப் பாடம் எடுப்பதிலும் போதாது. நகர மக்கள் கல்விக்கூடமான ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலேயில் மாலை வகுப்புகள் நடக்கின்றன. பி2 என்ற மேல் இடைநிலை வரை போனவர்களுக்குக் கற்பித்தல் பணி கிடைப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வேலை கிடைத்த நாளில் இரண்டாவது கணக்கு ஒன்று தொடங்குகிறது. 2007-ஆம் ஆண்டின் கல்விப்பணி ஒப்பந்தக் காலச் சட்டப்படி, பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டுகள், பட்டத்துக்குப் பின் ஆறு ஆண்டுகள் என்பதுதான் பல்கலைக்கழகத் தற்காலிகப் பணியின் பொது வரம்பு. மருத்துவத்தில் மட்டும் பின்னது ஒன்பது. குழந்தை வளர்ப்பவருக்கு ஒரு குழந்தைக்கு இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கலாம் என்றாலும் அது உரிமை அல்ல, நிறுவனத்தின் விருப்பம். இந்தச் சட்டத்தை விளக்க ஹன்னா என்ற கற்பனை ஆய்வாளரை வைத்து அமைச்சகம் எடுத்த காணொளியில், பழையவர்கள் இடத்தை அடைத்துக்கொண்டு புதியவர்களைத் தடுக்கக் கூடாது என்ற தொனியில் ஒரு விளக்கம் இருந்தது. 2021 ஜூனில் ஆயிரக்கணக்கானோர் நான்தான் ஹன்னா என்று டிவிட்டரில் தங்கள் கதைகளை எழுதினார்கள். நாட்டைவிட்டு வராத, ஜெர்மனைத் தாய்மொழியாகக் கொண்ட ஹன்னாக்களின் நிலையும் அதுதான் என்பதைப் படித்தபோது எனக்கு ஓரளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால், அது நல்ல குணமா என்று தெரியவில்லை.

என் திட்டம் அடுத்த ஆண்டின் இறுதியில் முடிகிறது. நிரந்தரப் பணியிடம் ஒன்று வேறொரு மாநிலத்தில், மியூனிக்கிலிருந்து அதிவேக ரயிலில் நான்கு மணி நேரத் தொலைவில், விளம்பரமாகியிருக்கிறது. கணவரின் நிறுவனம் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து பணிபுரிய அனுமதிக்கிறது. மகள் அடுத்த ஆண்டு நான்காம் வகுப்பு முடித்து, பல்கலைக்கழகப் படிப்புக்குத் தயார்செய்யும் பள்ளியான கிம்னாஸியத்துக்குப் போக வேண்டியவள். அந்த மாநிலத்தில் இந்த மாற்றம் எந்த வகுப்பில் வருகிறது என்று அவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார். நான் விண்ணப்பத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பல்கலைக்கழகத்தின் டூயல் கரியர் அலுவலகத்தில் மென்பொருள் பொறியாளர்களுக்கு உதவுவார்களா என்று மின்னஞ்சல் அனுப்பியவரும் அவர்தான்.